ஆல் அயர்லாந்து ஹர்லிங் ஃபைனல் டிக்கெட்: எங்கே, யாரிடம், எப்படிக் கேட்பது?

லீ கரை · ஜூலை 7, 2025

கார்க் – டிப்பரரி ஹர்லிங் (மட்டையும் சின்னப் பந்தும் வைத்து ஆடும் ஐரிஷ் ஆட்டம்) ஃபைனல் 20ஆம் தேதி. அரையிறுதி வரைக்கும் டிக்கெட்மாஸ்டரில் சுலபமாகக் கிடைத்தது. ஃபைனலைத் தேடினால் பக்கமே இல்லை. எப்போது விற்பனைக்குத் திறப்பார்கள்? எத்தனை மணிக்கு உட்கார வேண்டும்? இரண்டு வேண்டும். ஒரு மறுவிற்பனைத் தளத்தில் பல மடங்கு விலை போட்டிருக்கிறான். அதுதான் கடைசி வழியா?

கனால் முனை · ஜூலை 7

திறக்கவே மாட்டார்கள். ஆல் அயர்லாந்து சீனியர் ஃபைனல் டிக்கெட் பொது விற்பனைக்கு வருவதில்லை, ஹர்லிங் ஆனாலும் ஃபுட்பால் (இங்கே கேலிக் ஃபுட்பால், சாக்கர் இல்லை) ஆனாலும். அரையிறுதியோடு ஆன்லைன் கடை சாத்தியாயிற்று. ஃபைனல் டிக்கெட் ஜி.ஏ.ஏ.வின் (இந்த ஆட்டங்களை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம்) உள்வழியாகத்தான் போகும்: தலைமையகத்திலிருந்து கவுண்டி (மாவட்டம்) போர்டுக்கு, போர்டிலிருந்து கிளப்புக்கு, கிளப்பிலிருந்து உறுப்பினருக்கு. கல்யாண வீட்டுப் பந்திக்கு யாரும் கவுண்டர் போட்டு டோக்கன் விற்பதில்லை, அந்தக் கணக்குதான்.

விலை ஸ்டாண்டுக்கு 100 யூரோ, நின்று பார்க்கும் டெரஸுக்கு 55. இதற்கு மேல் ஒரு சென்ட் கேட்பவன் பிளாக்கில் விற்கிறான். அந்தத் தளத்தின் பக்கமே போகாதீர்கள். காரணம் தனியாக எழுதுகிறேன்.

கனால் முனை · ஜூலை 8

ஃபைனல் நடக்கும் டப்ளின் மைதானம் க்ரோக் பார்க்கில் 82,300 பேருக்கு இடம். கேட்கிறவர்களுக்கு அது பெரிய எண்ணாகத் தெரியும். எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். நடுத்தட்டு முழுக்க பிரீமியம் லெவல், பல வருஷத்துக்குச் சேர்த்து வாங்கியவர்களும் பாக்ஸ் வைத்திருக்கும் நிறுவனங்களும். அப்புறம் விளம்பரதாரர்கள், வெளிநாட்டு ஜி.ஏ.ஏ. கிளைகள், பள்ளிகள், கல்லூரிகள், கமோகி (பெண்கள் ஆடும் ஹர்லிங்) சங்கம், பெண்கள் ஃபுட்பால் சங்கம், பழைய ஆட்டக்காரர்கள். 25 வருஷத்துக்கு முன் கோப்பை வென்ற அணியை ஜூபிலி என்று அன்றைக்கு மைதானத்தில் நிறுத்திக் கௌரவிப்பார்கள், அவர்கள் வீட்டாருக்கும் இடம் வேண்டும். சீசன் டிக்கெட்காரர்கள் தனி.

மிச்சத்தில் பெரும்பங்கு ஃபைனலில் ஆடும் இரண்டு கவுண்டிக்கு. மற்ற கவுண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பங்கு. இந்தச் சின்னப் பங்கில்தான் உங்கள் வாய்ப்பு இருக்கிறது.

டிப் மருமகன் · ஜூலை 8

கார்க்கில் உட்கார்ந்துகொண்டு கார்க் – டிப் ஃபைனலுக்கு டிக்கெட் தேடுவது, தீபாவளிக்கு முதல் நாள் கோயம்பேட்டில் நின்று ஜன்னல் சீட் கேட்கிற மாதிரிதான். இரண்டும் தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் அணிகள், ஆல் அயர்லாந்து ஃபைனலில் நேருக்கு நேர் இதற்கு முன் மோதியதே இல்லை. கார்க் கடைசியாக ஜெயித்தது 2005. போன வருஷம் எக்ஸ்ட்ரா டைமில் க்ளேரிடம் ஒரே புள்ளியில் போனது. ஊரே கிளம்பும். என் மாமனார் ஊரும் கிளம்பும், அதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

ஹில்வாசி · ஜூலை 8

மருமகனே, உங்கள் பக்கம் டிக்கெட் உபரி இருந்தால் இந்த இழையிலேயே சொல்லலாம்.

டிப் மருமகன் · ஜூலை 8

மாமனார் வீட்டில் மருமகனுக்கே வரிசை எண் ஒன்பது.

கனால் முனை · ஜூலை 9

கார்க்கில் ஏன் இவ்வளவு இறுக்கம்? 250க்கும் மேல் கிளப் உள்ள கவுண்டி அது, நாட்டிலேயே அதிகம். போர்டுக்கு வரும் பங்கு பெரியதுதான், ஆனால் அத்தனை கிளப்புக்கும் பிரிக்க வேண்டும். சீனியர் கிளப்புக்குக் கொஞ்சம் கூட, ஜூனியர் கிளப்புக்குக் குறைவு, சிறுவர் அணிகள் எத்தனை என்பதற்கும் கணக்கு உண்டு. கிளப்புக்குள் வந்த பிறகு முதலில் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், செயற்குழு, கொடி நட்டு வலை கட்டும் ஆட்கள். அதன்பின் எஞ்சியது உறுப்பினர் குலுக்கலுக்கு. 300 உறுப்பினர் உள்ள கிளப்பில் குலுக்கலுக்கு ஒரு கைப்பிடி டிக்கெட் மிஞ்சினால் நல்ல வருஷம்.

ஆகவே கார்க் ஆட்களிடம் கேட்பது கடைசி வழி. முதல் வழி, ஹர்லிங் பெரிதாக ஆடாத கவுண்டிகள்: லீட்ரிம், லாங்ஃபோர்ட், காவன், ஃபர்மானா, லவுத், மொனஹன், ஸ்லைகோ பக்கம். இவர்கள் ஹர்லிங் அணி வைத்திருந்தாலும் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடுபவர்கள், ஊரின் உயிர் ஃபுட்பாலில். ஆனாலும் ஹர்லிங் ஃபைனல் டிக்கெட் அவர்கள் கிளப்புக்கும் வரும். அங்கேயும் ஆசைப்படுகிறவர்கள் உண்டு, சும்மா கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒப்பிட்டால் வரிசை குட்டை, அவ்வளவுதான்.

இரண்டாவது, அரையிறுதியில் தோற்ற கவுண்டி. இந்த முறை கில்கெனியும் டப்ளினும். டிப்பிடம் தோற்ற கில்கெனிக்காரர் பலருக்கு டிப் கோப்பை தூக்குவதை நேரில் பார்க்கும் மனசு இருக்காது. கேட்டுப் பாருங்கள். வெற்றியாளர் யார் என்று தெரிந்த அன்றே கேட்டிருந்தால் இன்னும் நல்லது. இப்போதும் தாமதம் இல்லை. டிக்கெட் கிளப் கையில் வருவது பெரும்பாலும் ஃபைனல் வாரத்தில்தான், ஆனால் யாருக்கு என்று பேச்சு அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

லீ கரை · ஜூலை 9

எனக்கு லீட்ரிமில் யாரையும் தெரியாது. வேலையிடத்தில் எல்லாரும் கார்க், கெர்ரி.

கனால் முனை · ஜூலை 9

ஆஸ்பத்திரியோ, ஐ.டி. கம்பெனியோ, தொழிற்சாலையோ, முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் நாலு கவுண்டிக்காரராவது இருப்பார்கள். "எந்தக் கவுண்டி?" என்று கேட்பது அயர்லாந்தில் சம்பிரதாயக் கேள்வி, யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். கூடவே "ஊரில் எந்தக் கிளப்?" என்று கேளுங்கள். கிளப் பெயரைச் சட்டென்று சொன்னால் அவர் வீட்டில் யாரோ உறுப்பினர் என்று அர்த்தம்.

கேட்கும் விதம் ரொம்ப முக்கியம். "டிக்கெட் கிடைக்குமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "பார்க்கிறேன்" என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. ஒரே செய்தியில் இவ்வளவும் இருக்கட்டும்: ஒன்றா இரண்டா, பிரிந்து உட்காரச் சம்மதமா, ஹில்லில் (ஹில் 16 என்கிற டெரஸ்) நிற்கத் தயாரா, அச்சிட்ட விலையை அன்றைக்கே தருவீர்களா, மின்னஞ்சலும் ஃபோன் எண்ணும். கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து டிக்கெட் மிஞ்சினால், யாருக்கு ஒரே அழைப்பில் வேலை முடியுமோ அவருக்குத்தான் போகும்.

இரண்டு சேர்ந்தாற்போல் கேட்காதீர்கள். "ஒன்று இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன், இரண்டாவதை வேறு இடத்தில் பார்க்கிறேன்" என்று சொன்னால் பாதிக் கதவு திறக்கும். ஒற்றை டிக்கெட்தான் எப்போதும் மிஞ்சும்.

வாசகர் ஒருவர் · ஜூலை 10

சீசன் டிக்கெட் வாங்கினால் ஃபைனல் நிச்சயம்தானே? ஏன் அதைச் சொல்லவில்லை?

ஹில்வாசி · ஜூலை 10

ஜூலையில் சீசன் டிக்கெட்டைப் பேசி என்ன பண்ணுவது? அது வருஷத் தொடக்கத்தில் கவுண்டிவாரியாக விற்பது. லீக் ஆட்டங்கள் அதில் அடக்கம். கவுண்டி ஃபைனலுக்கு வந்தால் டிக்கெட் வாங்கும் உரிமை உண்டு, ஆனால் அந்தச் சீசனில் எத்தனை ஆட்டத்துக்கு வந்தீர்கள் என்று கணக்கு பார்ப்பார்கள். பிப்ரவரி மழையில் லீக் ஆட்டத்துக்குப் போகாமல் ஜூலையில் மட்டும் வந்து நின்றால் வேலைக்கு ஆகாது. இன்னொன்று, ஃபைனலுக்கு இலவசம் இல்லை, காசு கட்டத்தான் வேண்டும்.

கனால் முனை · ஜூலை 11

மறுவிற்பனைத் தளம் ஏன் வேண்டாம் என்று எழுதுகிறேன் என்றேன். காரணம் சட்டம். 2021இல் அயர்லாந்தில் டிக்கெட் மறுவிற்பனைச் சட்டம் வந்தது. ஆயிரம் பேரோ அதற்கு மேலோ கொள்ளும், அரசு அறிவித்த இடத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கு, அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதும் விற்கிறேன் என்று விளம்பரம் போடுவதும் குற்றம். உச்ச தண்டனை ஒரு லட்சம் யூரோ அபராதம், இரண்டு வருஷம் சிறை, அல்லது இரண்டும். சட்டத்தின் குறி விற்பவன். ஆனாலும் வாங்குகிறவருக்கு நஷ்டம் வேறு வழியில் வரும். அந்த டிக்கெட் எந்தக் கிளப்பிலிருந்து வெளியே போனது என்று கண்டுபிடித்தால் ஜி.ஏ.ஏ. அந்தக் கிளப்பின் பங்கில் கை வைக்கும். அப்புறம் அடுத்த வருஷம் அந்த ஊரில் யாரும் உங்களுக்கு வாய் திறக்க மாட்டார்கள்.

இது குடியரசின் சட்டம். வடக்கில் உள்ள ஆறு கவுண்டிகளில், அர்மா, டைரோன், டெர்ரி, டவுன், ஆண்ட்ரிம், ஃபர்மானாவில், வேறு சட்டம். அங்கிருந்து யாராவது கூடுதல் விலை கேட்டால் "இங்கே செல்லும்" என்பார்கள். ஆட்டம் நடப்பது டப்ளினில் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு விலக்கு உண்டு: தர்ம காரியத்துக்கும் அமெச்சூர் விளையாட்டுக் கிளப்பின் நிதிக்கும். அதனால்தான் கிளப்கள் "ஃபைனல் டிக்கெட் இரண்டு, ஒரு இரவு ஹோட்டல்" என்று ராஃபிள் போடுகின்றன. அது நேர்மையான வழி. ஐந்து, பத்து யூரோ சீட்டுகள். போடுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்: குலுக்கல் தேதி ஃபைனலுக்கு முன்னதா, கிளப்பின் சொந்தப் பக்கத்தில் அறிவித்திருக்கிறார்களா, காசு கிளப் கணக்குக்குப் போகிறதா. யாரோ ஒருவருடைய ரெவொலூட்டுக்கு (பணம் அனுப்பும் செயலி) போனால் விலகிவிடுங்கள்.

டிப் மருமகன் · ஜூலை 11

சூப்பர்மார்க்கெட் போட்டிகளையும் சொல்லுங்கள். ஹர்லிங்குக்கு சென்ட்ரா விளம்பரதாரர், ஃபுட்பாலுக்கு சூப்பர்வேலு. கடையிலும் உள்ளூர் வானொலியிலும் போட்டி வைப்பார்கள். ஜெயிப்பது லாட்டரிதான், ஆனால் காசு போகாது. வானொலியில் கேள்வி அதிகபட்சம் "லியம் மெக்கார்த்தி கோப்பை எந்த ஆட்டத்துக்கு?" என்கிற தரத்தில் இருக்கும்.

கனால் முனை · ஜூலை 13

இன்றைக்கு டனகால் ஜெயித்தது, நேற்று கெர்ரி. ஃபுட்பால் ஃபைனல் 27ஆம் தேதி கெர்ரி – டனகால். இதை இந்த இழையில் எழுதக் காரணம் இருக்கிறது: இந்த இரண்டு வாரம்தான் மாற்றுக்கு நேரம். ஹர்லிங் டிக்கெட் உள்ள கெர்ரிக்காரருக்கு ஃபுட்பால் டிக்கெட் வேண்டும். கில்கெனி கிளப்களுக்கு ஃபுட்பால் ஃபைனல் டிக்கெட்டும் வரும், ஆனால் கில்கெனி சீனியர் ஃபுட்பால் சாம்பியன்ஷிப்பிலேயே ஆடுவதில்லை. அவரிடம் ஃபுட்பால் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு வாங்கி, கெர்ரிக்காரரிடம் கொடுத்து, அவருடைய ஹர்லிங் டிக்கெட்டை வாங்குவது. மூன்று பேருக்கும் சந்தோஷம், யாருக்கும் லாபம் இல்லை, சட்டத்துக்கும் பிரச்சினை இல்லை. லீ கரை, உங்கள் அலுவலகத்தில் கெர்ரி ஆட்கள் இருக்கிறார்கள் என்றீர்களே, இதுதான் உங்கள் சந்து.

ஒரே எச்சரிக்கை: ஸ்டாண்டுக்கு ஸ்டாண்ட், டெரஸுக்கு டெரஸ் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் 45 யூரோ வித்தியாசத்தைக் கையோடு தீர்த்துவிடுங்கள்.

லீ கரை · ஜூலை 14

ஒருவர் ஃபேஸ்புக்கில் "கார்க் பேருந்து தவறியதால் இரண்டு டிக்கெட் விற்கிறேன், லோயர் கூசாக், 120 யூரோ வீதம், பாதி முன்பணம்" என்று படத்தோடு போட்டிருக்கிறார். உண்மையா?

ஹில்வாசி · ஜூலை 14

ஃபைனலுக்கு ஆறு நாள் இருக்கும்போது எந்தப் பேருந்து தவறியது?

கனால் முனை · ஜூலை 14

ஹில்வாசி சொன்னது போதும், ஆனாலும் மற்றவர்களுக்காக. முன்பணம் கேட்டால் மோசடி. ரெவொலூட்டில் தெரியாத ஆளுக்கு அனுப்பிய பணம் திரும்பி வருவது குதிரைக்கொம்பு. படத்தை நம்பாதீர்கள். ஒரே படத்தை நாலு பேருக்கு அனுப்பலாம், வாசலில் யார் பார்கோடு முதலில் ஸ்கேன் ஆகிறதோ அவர் உள்ளே, மற்ற மூவர் வெளியே.

படத்தில் உள்ளதைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் போலி அங்கேயே விழும். க்ரோக் பார்க்கில் செக்‌ஷன் எண் 300களில் இருந்தால் கீழ்த்தட்டு, 400கள் நடுவிலுள்ள பிரீமியம், 700கள் மேல்தட்டு. "லோயர் கூசாக்" என்று எழுதி 7இல் தொடங்கும் எண் காட்டினால் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது. ஹில் 16 டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கக் கூடாது, அங்கே இருக்கையே கிடையாது. ஸ்டாண்ட் பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஹோகன் மேற்கே, கூசாக் கிழக்கே, டேவின் தெற்கே கால்வாய்ப் பக்கம், ஹில் வடக்கே ரயில் பாதைப் பக்கம். ஹில்லுக்கும் ஹோகனுக்கும் நடுவில் நாலி டெரஸ் என்று சின்னதாக ஒன்று.

கனால் முனை · ஜூலை 15

கைமாற்றும்போது:

ஃபோன் டிக்கெட் என்றால் ஸ்கிரீன்ஷாட் வாங்காதீர்கள். டிக்கெட் வைத்திருப்பவர் தன் கணக்கில் நுழைந்து, டிரான்ஸ்ஃபர் கொடுத்து, உங்கள் மின்னஞ்சலைப் போட வேண்டும். உங்களுக்கு வரும் கடிதத்தில் ஏற்றுக்கொள் என்பதை அழுத்தியதும் அவரிடம் இருந்த பார்கோடு செத்துவிடும், உங்களுக்குப் புதிதாக ஒன்று பிறக்கும். பணத்தை அந்த நிமிஷம் கொடுங்கள், இருவரும் ஃபோனில் பேசிக்கொண்டே. மின்னஞ்சலில் ஒரு எழுத்துத் தவறினால் டிக்கெட் எங்கோ ஒரு அந்நியரின் பெட்டியில் போய் உட்காரும், அதனால் வாயால் சொல்லாதீர்கள், எழுதி அனுப்புங்கள். வந்ததும் ஃபோன் வாலெட்டில் சேர்த்துவிடுங்கள். மைதான வாசலில் எண்பதாயிரம் ஃபோன்கள் ஒரே கோபுரத்தைப் பிடித்துத் தொங்கும், அங்கே நின்று செயலியைத் திறக்க முயன்றால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காகித டிக்கெட் என்றால் நேரில் வாங்குங்கள். செக்‌ஷன், வரிசை, இருக்கை, நுழைவாயில், பார்கோடு ஐந்தும் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். மடிக்காதீர்கள், பார்கோடு மேல் கோடு விழுந்தால் வாசல்காரருக்கும் உங்களுக்கும் தலைவலி. தொலைத்தால் போனது போனதுதான் என்று நினைத்துப் பத்திரப்படுத்துங்கள். சந்தோஷத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் புத்தி வந்தால் பார்கோட்டைக் கட்டைவிரலால் மறையுங்கள்.

லீ கரை · ஜூலை 16

ஒன்று கிடைத்தது! லீட்ரிம் இல்லை, மொனஹன். ஹில் 16. இன்னொன்று இன்னும் இல்லை. ஹில் எப்படி? மனைவியும் ஒன்பது வயது மகனும் வர ஆசைப்படுகிறார்கள்.

ஹில்வாசி · ஜூலை 16

வாழ்த்து. ஹில் என் தொழில், நான் சொல்கிறேன். முழுக்க நிற்கணும். ஆட்டம் 70 நிமிஷம், அதன் மேல் காயத்துக்கான நேரம், இடைவேளை, அதற்கு முன் அணிவகுப்பு. மொத்தம் மூன்று மணி நேரம் காலில் இருப்பீர்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு முன்னால் ஆறடி ஆள் நின்றால் அவன் பார்ப்பது முதுகைத்தான். படிகளின் ஓரம், தடுப்புக் கம்பிக்கு உடனே பின்னால் ஒரு இடம் பிடித்தால் மேல். அதற்கு வாயில் திறந்ததும் போக வேண்டும். டப்ளின் ஆடும்போது ஹில் நீலமாக இருக்கும், இந்த முறை சிவப்பும் நீலம்-மஞ்சளும் கலந்து.

பையனுக்கு என்றால் ஸ்டாண்ட் தேடுங்கள். ஃபைனலுக்குக் குழந்தைக்கும் முழு டிக்கெட் வேண்டும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். அதாவது மூன்று பேர், மூன்று டிக்கெட், அதுவும் ஒரே இடத்தில். இந்த வாரம் அது நடக்காது. நீங்கள் மட்டும் போங்கள், அவர்களுக்கு வேறு ஒரு நாள் நான் சொல்கிறேன், கீழே பாருங்கள்.

கனால் முனை · ஜூலை 16

ஸ்டாண்ட் கிடைத்தால் ஒரு சின்ன விஷயம். ஆட்டம் 3.30க்கு. அந்த நேரத்தில் கூசாக்கில் உட்கார்ந்தால் வெயில் நேராகக் கண்ணில், தொப்பி கொண்டு போங்கள். ஹோகனில் நிழல், கோப்பை கொடுப்பதும் அங்கேதான். கீழ்த்தட்டின் முன் வரிசைகளுக்குக் கூரை எட்டாது, ஜூலை மாதம் என்றாலும் அயர்லாந்து அயர்லாந்துதான், ரெயின்கோட் எடுங்கள். பை ஏ4 தாள் அளவுக்கு மேல் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

வாசகர் ஒருவர் · ஜூலை 17

முன்பு இன்னும் நிறையப் பேர் பார்த்தார்களாமே, மைதானத்தைச் சுருக்கியதால்தான் இந்தத் தட்டுப்பாடு என்கிறார்கள்.

கனால் முனை · ஜூலை 17

1961 ஃபுட்பால் ஃபைனல், டவுன் – ஆஃபலி, 90,556 பேர். அதுதான் சாதனை. அன்றைக்கு நின்று நெருக்கியடித்த இடங்களில் இன்றைக்கு நாற்காலி. ஆனால் எட்டாயிரம் கூடியிருந்தாலும் கார்க்குக்குப் போதாது.

தட்டுப்பாடு இருந்தே தீரும். எனக்கு இந்த முறையில் மனக்குறை ஒன்று உண்டு: பிரீமியமும் நிறுவனப் பெட்டிகளும் அதிகம். கிளப் வழியாகக் கொடுப்பதில் குறை சொல்ல மாட்டேன். ஆன்லைனில் ஏலம் போல் விட்டிருந்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் மென்பொருள் வைத்திருப்பவன் அள்ளிப் போயிருப்பான். சனிக்கிழமை காலையில் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு ஹர்லி மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆளுக்கு ஒரு டிக்கெட் போவதுதான் நியாயம். நம் மாதிரி வெளியூர் ஆட்களுக்கு அது மூடிய கதவாகத் தெரியும், ஆனால் தாழ்ப்பாள் உள்ளே இல்லை. இதைக் கடைசியில் எழுதுகிறேன்.

டிப் மருமகன் · ஜூலை 18

ரயில் பற்றி யாரும் சொல்லவில்லையே. கார்க் கெண்ட் நிலையத்திலிருந்து டப்ளின் ஹூஸ்டன் நிலையத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். கூடுதல் ரயில் விட்டாலும் சீட் நிரம்பிவிடும், டிக்கெட் உறுதியான அன்றே முன்பதிவு செய்திருக்க வேண்டும். ஹூஸ்டனில் இறங்கி லுவாஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் கானலி, அங்கிருந்து நடை. காரில் வந்தால் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருக்களை மறந்துவிடுங்கள், ஆட்ட நாளில் அடைத்துவிடுவார்கள். டிக்கெட் இல்லாமல் திருப்பித் தர முடியாத ஹோட்டலை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஹில்வாசி · ஜூலை 19

இன்னும் தேடுகிறவர்களுக்கு, கடைசி 24 மணி நேரம்:

இன்றிரவு கிளப் செயலாளர்களின் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கெட்டுகள் நகரும். ஏற்கெனவே கேட்டு வைத்தவர்களுக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள், ஒரே முறை. "இன்னும் தேடுகிறேன், ஹில் ஆனாலும் சரி, உடனே பணம்" என்று ஒரு வரி போதும்.

நாளைக் காலை டப்ளினில் ஜோன்ஸ் ரோட்டில் ஹோட்டல் வாசல், கில்ஸ் பப் முக்கு, ட்ரம்கோண்ட்ரா பாலம் பக்கம், இங்கெல்லாம் "யாரிடமாவது ஒன்று மிச்சமா?" என்று அட்டை பிடித்து நிற்பவர்கள் இருப்பார்கள். இதில் குறை ஒன்றும் இல்லை. தம்பியோ மச்சானோ வரவில்லை என்று ஒற்றை வைத்திருப்பவர் அச்சிட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போவார். விலை ஏற்றிச் சொல்கிறவனிடம் வாதாடாதீர்கள், நகருங்கள். வாங்கினால் காகிதமாக, கையில். மூன்றரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் ஒற்றை டிக்கெட் வெளியே வரும், அதற்குமுன் பொறுமை. நம்பிக் குடும்பத்தோடு கிளம்பி வரக்கூடிய வழி இல்லை இது.

டிப் மருமகன் · ஜூலை 20, இரவு

3-27, 1-18. டிப்பரரி. வேறு எதுவும் எழுத மாட்டேன்.

ஹில்வாசி · ஜூலை 20, இரவு

எழுதிவிட்டீர்கள். (புதியவர்களுக்கு: முதல் எண் கோல், அடுத்தது புள்ளி, ஒரு கோல் மூன்று புள்ளிக்குச் சமம்.) இடைவேளையில் கார்க் ஆறு புள்ளி முன்னால், இரண்டாம் பாதியில் மொத்தமே இரண்டு புள்ளி. லீ கரை, பிழைத்திருக்கிறீர்களா?

லீ கரை · ஜூலை 21

பிழைத்தேன். பக்கத்தில் இருந்த டிப் தாத்தா சாண்ட்விச் பாதி கொடுத்தார். அவருக்கும் மொனஹன் டிக்கெட்! ஹில்வாசி, மகனுக்கு வேறு நாள் என்றீர்களே?

ஹில்வாசி · ஜூலை 21

பெண்கள் ஃபுட்பால் ஃபைனல் ஆகஸ்ட் 3, டப்ளின் – மீத். கமோகி ஃபைனல் ஆகஸ்ட் 10, அரையிறுதி இந்தச் சனிக்கிழமை. இரண்டும் க்ரோக் பார்க்கில்தான், இரண்டுக்கும் டிக்கெட் யாரும் வாங்கலாம், கிளப் வேண்டாம், தெரிந்தவர் வேண்டாம். விலையும் குறைவு. 2019 பெண்கள் ஃபுட்பால் ஃபைனலுக்கு 56,114 பேர் வந்தார்கள், அதுவே அந்தப் போட்டியின் சாதனை. அப்போதும் இடம் இருந்தது. பையனுக்கு முன்னால் முதுகு இல்லாத வரிசை வேண்டுமென்றால் சீக்கிரம் எடுத்து, கீழ்த்தட்டில் நடைபாதை ஓர இருக்கையாகப் பாருங்கள்.

ஜனவரியில் கிளப் ஃபைனல்கள், கோடையில் இரண்டாம் நிலைப் போட்டிகளான டெய்ல்டியன் கோப்பை (ஃபுட்பால்), ஜோ மெக்டோனா கோப்பை (ஹர்லிங்) ஃபைனல்கள், எல்லாமே வெளிச்சந்தையில். அரையிறுதியை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

கனால் முனை · ஜூலை 29

கெர்ரி 1-26, டனகால் 0-19, கெர்ரிக்கு 39ஆவது கோப்பை. இனி அடுத்த வருஷத்துக்கு. தாழ்ப்பாள் பற்றிச் சொல்கிறேன் என்றேனே.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளப்பில் சேருங்கள். ஆட வேண்டியதில்லை, சமூக உறுப்பினர் என்று ஒரு வகை உண்டு. பதிவு ஃபோயரன் என்ற ஜி.ஏ.ஏ. தளத்தில். வருஷத் தொடக்கத்திலேயே கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், ஜூனில் கட்டினால் "ஃபைனலுக்கு வந்த ஆள்" என்று முகத்தில் எழுதி ஒட்டிய மாதிரி. மகனைச் சிறுவர் அணியில் விடுங்கள், கோடையில் குல் கேம்ப் என்ற சிறுவர் பயிற்சி முகாம் நடக்கும். ஆனால் பிள்ளை ஆடுவதால் மட்டும் அப்பாவுக்கு டிக்கெட் வராது. வாசலில் ரசீது கிழிப்பது, கிளப் லாட்டரிச் சீட்டு விற்பது, தேநீர்ப் பாத்திரம் கழுவுவது, இப்படி ஏதாவது ஒன்றில் பெயர் தெரிந்தால் குலுக்கலுக்கு முந்தைய வட்டத்துக்குள் போய்விடுவீர்கள்.

சேரும் முன் செயலாளரிடம் நேராகக் கேட்கலாம்: ஃபைனல் டிக்கெட்டை எப்படிப் பிரிக்கிறீர்கள், குலுக்கலா, சேவைப் பட்டியலா, ஒரு வீட்டுக்கு ஒன்றா? எழுதி வைத்த விதி உள்ள கிளப் என்றால் நிம்மதி. விதி இல்லாத கிளப்பில் ஒவ்வொரு ஜூலையும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் வாக்கில். அதற்குப் போய் உட்கார்ந்தால் யார் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும்.

லீ கரை · ஜூலை 29

கார்க்கில் சேர்ந்தால் மறுபடி அந்த 250 கிளப் வரிசைதானே?

கனால் முனை · ஜூலை 29

கார்க் ஃபைனலுக்கு வராத வருஷத்தில் கார்க் கிளப்புக்கும் நடுநிலைப் பங்குதான் வரும், அப்போது உங்கள் கையில் இருப்பது மற்றவர் தேடுகிற டிக்கெட். மொனஹன்காரருக்கு ஃபுட்பால் ஃபைனல் ஒன்று பாக்கி வைத்திருக்கிறீர்கள், அதை அதிலிருந்து அடையுங்கள்.